பாடத்தில் முதலில், நாக்கில் கடைசியில்: ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்தும் ஏன் வருவதில்லை?

ஆங்கில ஆசிரியர்கள் நான்கு பேர் கூடினால் இந்தப் புலம்பல் கட்டாயம் வரும். "ஹி, ஷி, இட் வந்தா வெர்போட எஸ் சேர்க்கணும்னு ஆறாம் வகுப்புலேயே சொல்லியாச்சு. இன்னும் வரலையே!" விதியைச் சொல்லி, பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, மதிப்பெண்ணும் போட்டாயிற்று. கோடிட்ட இடத்தை நிரப்பு என்றால் பிள்ளைகள் பிசகில்லாமல் நிரப்புகிறார்கள். அதே பிள்ளையிடம் உன் அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டால், "மை மதர் வொர்க் இன் பேங்க்" என்றுதான் பதில் வருகிறது. கல்லூரி முடித்து நேர்முகத் தேர்வில் உட்காரும்போதும் அந்த எஸ் வருவதில்லை.

பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை, அடிப்படை சரியில்லை, தமிழிலேயே யோசிக்கிறார்கள் என்று காரணங்கள் அடுக்கப்படும். மூன்றாவது காரணத்தை மட்டும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். தமிழில் வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது, வருகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறும். நான்கு வயதுக் குழந்தை அத்தனையையும் தடுமாறாமல் சொல்கிறது. ஆங்கிலத்தின் சாதாரண நிகழ்கால வினைகளில் இந்தச் சமாச்சாரம் ஒரே ஒரு எஸ்ஸாகத் தேய்ந்து நிற்கிறது. தமிழில் யோசிப்பதுதான் கோளாறு என்றால், எழுவாய்க்கு ஏற்ப வினையை முடிக்கும் பழக்கம் நமக்கு உதவியல்லவா செய்திருக்க வேண்டும்? வினைக்கு இப்படி விகுதியே இல்லாத சீனமொழிக்காரர்களும், நம்மைப் போலவே நிறைய விகுதிகள் உள்ள ஸ்பானியர்களும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

அந்த எஸ் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். உண்மையைச் சொன்னால் அதற்கு அங்கே பெரிதாக வேலையே இல்லை. 'வருகிறாள்' என்று தமிழில் சொன்னால் எழுவாயை விட்டுவிடலாம், விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் எழுவாயை விட முடியாது. 'ஷி' என்றதுமே யார், எத்தனை பேர் என்பது தெரிந்துவிட்டது. பின்னால் வரும் எஸ் அதையே திரும்பச் சொல்கிறது. பொருளைத் தேடிக் கேட்கும் காது, பொருளில் எதையும் கூட்டாத ஒலியைக் கண்டுகொள்வதில்லை. போதாக்குறைக்கு அது அழுத்தம் இல்லாத ஒற்றை மெய்யொலி, வேகமாகப் பேசும்போது அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'ஐஎன்ஜி' விகுதி அப்படியல்ல. தனி அசையாகக் காதில் விழும், காரியம் நடந்துகொண்டிருக்கிறது என்ற பொருளையும் தரும். அதனால்தான் அது சீக்கிரம் வருகிறது. சிலருக்கு அளவுக்கு மீறி வந்து "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" வரை போய்விடுகிறது.

இதற்கு ஆராய்ச்சிப் பின்புலம் உண்டு. ஹார்வர்டு உளவியலாளர் ரோஜர் பிரவுன், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவுசெய்து ஆராய்ந்தார். 1973இல் வெளியான அவருடைய முடிவுகளின்படி, 14 இலக்கண உருபுகள் (ஐஎன்ஜி, பன்மை எஸ் போன்ற இலக்கணத் துணுக்குகள்) மூன்று குழந்தைகளுக்கும் ஏறத்தாழ ஒரே வரிசையில் வந்து சேர்ந்திருந்தன. மறு ஆண்டே ஆராய்ச்சியாளர்கள் ஹைடி டூலேயும் மரீனா பர்ட்டும் ஸ்பானிய, சீனக் குழந்தைகள் ஆங்கிலம் கற்பதை ஆராய்ந்தார்கள். தாய்மொழிகள் வேறு வேறு; உருபுகள் வரும் வரிசை பெரும்பாலும் ஒன்று. ஐஎன்ஜி, பன்மை எஸ் போன்றவை முன்னால் வந்தன. வினையோடு சேரும் எஸ் கடைசிக் கும்பலில் நின்றது. அந்த வரிசையைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஜப்பானிய, கொரிய, சீன மொழிக்காரர்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த லுக், ஷிராய் இருவரும், அவர்களுக்கு ஆர்ட்டிகிளும் பன்மை எஸ்ஸும் பிந்தியே வருகின்றன, உடைமையைக் காட்டும் எஸ் முந்தி வருகிறது என்று 2009இல் காட்டினார்கள். ஆக தாய்மொழிக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பாடப்புத்தகம் போடும் வரிசைக்கு இருக்கிற பங்கு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

ஜெர்மன் மொழியியலாளர் மான்ஃப்ரெட் பீனமன் இன்னும் ஒரு படி மேலே போனார். ஜெர்மனியில் ஜெர்மன் கற்றுக்கொண்டிருந்த இத்தாலியக் குழந்தைகளுக்கு ஒரு குறிப்பிட்ட சொல்வரிசை விதியை வகுப்பில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். அதற்கு முந்தைய நிலையை ஏற்கெனவே எட்டியிருந்த குழந்தைக்கு அது பிடிபட்டது. அதற்கும் கீழே இருந்த குழந்தைக்குப் பாடம் நடந்ததே ஒழியப் பேச்சு மாறவில்லை. ஆசிரியர் என்ன சொல்லித்தருகிறார் என்பதோடு, அதைப் பெற்றுக்கொள்ளும் நிலையில் மாணவர் இருக்கிறாரா என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். அறுபது பேர் உள்ள வகுப்பில் அறுபது நிலைகள் இருக்கும். புத்தகத்துக்கோ ஒரே பக்க எண்தான். இந்த முடிச்சுக்கு யாரும் இன்னும் நல்ல தீர்வு சொல்லவில்லை என்பதே என் எண்ணம்.

விதியைச் சொல்லி மொழிபெயர்க்க வைக்கும் பழைய முறைக்கு எதிரான கலகம் புதிதல்ல. 1882இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் வீட்டர் எழுதிய சிறு பிரசுரம், மொழி கற்பித்தல் தலைகீழாகத் திரும்ப வேண்டும் என்று முழங்கியது. இலக்கண விதியை முன்னால் வைக்காதே, பேச்சை முன்னால் வை என்பது அவர் கட்சி. அதற்குப் பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வந்த, தாய்மொழியைக் கலக்காமல் கற்பிக்கும் நேரடி முறை, வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பழக்கும் வாக்கிய அமைப்பு முறை எல்லாம் இந்தக் கலகத்தின் வாரிசுகள். வாக்கிய அமைப்பு முறை சென்னை மாகாணத்துக்கு வந்தபோது அதைப் பரப்பப் பெரும் முயற்சி நடந்தது. தொடக்க நிலையில் ஆங்கிலம் சொல்லித்தரும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர, பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி தரும் சங்கிலி ஏற்பாடு ஒன்று 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது. ஆங்கிலத்தில் அதை 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்றே அழைத்தார்கள். மெட்ராஸில் பனிப்பந்து உருண்டது அப்போது மட்டும்தான்! ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து "திஸ் இஸ் எ புக்" என்பார், வகுப்பு முழுதும் திரும்பச் சொல்லும். அது புத்தகம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததையே ஏன் சொல்கிறோம் என்று யாரும் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் மொழி கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் அவர் நடத்திய திட்டம், மொழி கற்பித்தல் பற்றி உலகில் எங்கே படித்தாலும் எதிர்ப்படும் ஒன்று. பெங்களூர் திட்டம் என்று பெயர் பெற்றாலும் சென்னை வகுப்பறைகளிலும் அது நடந்தது. அவருடைய வாதம் எளிமையானது. மனம் ஒரு பொருளைப் புரிந்துகொள்வதில் முழுதாக ஈடுபட்டிருக்கும்போதுதான் இலக்கணம் உள்ளே படிகிறது. இலக்கணத்தையே பார்க்கச் சொன்னால் படிவதில்லை. ஆகவே பாடத்திட்டத்தில் இலக்கணத் தலைப்பே இல்லை. ரயில் அட்டவணை, வரைபடம், வகுப்பு நேர அட்டவணை, கணக்கு, புதிர் இவைதான் பாடம். இந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, நடுவில் எங்கே நிற்கிறது, அங்கே எத்தனை நிமிடம், இன்ன நேரத்துக்குள் போய்ச் சேர எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்டு, முதலில் வகுப்போடு சேர்ந்து விடை தேடுவார். பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனியாகச் செய்வார்கள். பதில் ஒரு சொல்லாக இருந்தாலும் போதும். தவறான வாக்கியத்தில் சரியான நேரத்தைச் சொன்னால் அது சரியான பதில். ஆசிரியர் வாக்கியத்தைச் சரிசெய்து சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

இதை வெளியாட்களாக வந்து மதிப்பிட்ட ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் இருவரின் முடிவு 1985இல் வெளியானது. வாக்கிய அமைப்புகளைத் தனித்தனியாகச் சோதித்த தேர்வில் பழைய முறையில் படித்த வகுப்புகள் முந்தின. காரியத்தைச் செய்து காட்டும் தேர்வில் பிரபுவின் வகுப்புகள் முந்தின. இரண்டுக்கும் பொதுவாக வைத்த தேர்வுகளில் பொதுவாகப் பிரபுவின் பக்கமே கை ஓங்கியிருந்தது. அதிலும் சொல்லக் கேட்டு எழுதுவது, ஒரு சூழலுக்குள் இலக்கணத்தைப் பயன்படுத்துவது ஆகியவற்றில் அது தெளிவாகத் தெரிந்தது. இலக்கணமே சொல்லித்தராத வகுப்பு, சூழலுக்குள் இலக்கணத்தைப் பயன்படுத்துவதில் தோற்கவில்லை என்பதுதான் அதில் பலரைத் திடுக்கிட வைத்த செய்தி. பள்ளிகளில் இந்த முறை பரவாமல் போனதற்கு வேறு காரணங்கள் உண்டு. வாய்க்கு வந்தபடி ஆங்கிலத்தில் பேசிப் பாடம் நகர்த்தும் துணிச்சல் எல்லா ஆசிரியருக்கும் வாய்க்காது.

அப்படியானால் இலக்கணப் பாடத்தையே மூட்டை கட்டிவிடலாமா? கனடா அனுபவம் வேண்டாம் என்கிறது. 1965இல் மாண்ட்ரியாலை ஒட்டிய செயின்ட் லாம்பெர்ட்டில், ஆங்கிலம் பேசும் குடும்பத்துக் குழந்தைகளுக்கு எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சிலேயே நடத்தத் தொடங்கினார்கள். பிள்ளைகள் பிரெஞ்சை நன்றாகப் புரிந்துகொண்டார்கள், சரளமாகப் பேசினார்கள். ஆனால் ஆண்டுகள் பல கழிந்தும் பெயர்ச்சொல்லின் பால், வினையின் காலம் இவற்றில் பிழைகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. புரிந்துகொள்வதற்கு முழு இலக்கணமும் தேவைப்படுவதில்லை. பாதி இலக்கணத்தோடு காலம் தள்ளிவிடலாம். பேசவும் எழுதவும் நெருக்கினால்தான் மீதிப் பாதியின் பக்கம் கவனம் திரும்பும் என்று கனடிய மொழியியலாளர் மெரில் ஸ்வைன் வாதிட்டது இந்த அனுபவத்தை வைத்துத்தான்.

இரண்டு தரப்பையும் கேட்டபின் எனக்கு மிகவும் உபயோகமாகப் படுவது அதே கியூபெக் மாகாணத்தில் நடந்த வேறொரு சோதனை. லிடியா ஒயிட், நினா ஸ்படா, பாட்சி லைட்பவுன் ஆகியோர், பிரெஞ்சு பேசும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின் இரண்டு அம்சங்களை இரண்டு வாரம் முறையாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வினையடை வாக்கியத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பது பாடம். இன்னொரு கூட்டத்துக்குக் கேள்வி கேட்பது எப்படி என்பது. இரண்டும் உடனே பலன் தந்தன. ஆனால் வினையடைப் பாடம் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. கேள்விப் பாடம் அப்படிக் கரைந்துபோகவில்லை. காரணமும் மர்மம் அல்ல. வினையடை வரும் அந்த மாதிரி வாக்கியங்கள் வகுப்பறைப் பேச்சில் அபூர்வம். கேள்விகளோ மணிக்கணக்கில் காதில் விழுந்துகொண்டிருந்தன, பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விதியைச் சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டு. 49 ஆய்வுகளைத் திரட்டி நாரிஸும் ஒர்டேகாவும் 2000இல் வெளியிட்ட மதிப்பீடும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் சொன்னது நிலைப்பது அடுத்த வாரமும் அடுத்த மாதமும் அதற்கு வேலை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நம் பள்ளிகளில் வாய்ஸ் பாடத்தை நடத்தி, "ராமா கில்டு ராவணா" என்பதைத் திருப்பிப் போட்டு எழுதவைத்துவிட்டு, மறுநாள் ரிப்போர்ட்டட் ஸ்பீச்சுக்குத் தாவுகிறோம். செயப்பாட்டு வினைக்கு அதன்பின் அந்த வகுப்பறையில் வேலை கிடையாது.

விதியாகச் சொன்னால் உடனே பலன் தரும் இடங்கள் உண்டு. மாணவரின் மொழியில் அந்த வேறுபாடு ஏற்கெனவே வேறு உருவத்தில் இருக்கும் இடங்கள் அவை. ஆர்ட்டிகிளை எடுத்துக்கொள்வோம். தமிழில் 'எ', 'த' கிடையாது, அதனால் நமக்கு அது வராது என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்: "புடவை வாங்கினேன்." "புடவையை வாங்கினேன்." முதலாவதைக் கேட்டவர் அப்படியா என்பார். இரண்டாவதைக் கேட்டவர், எந்தப் புடவை என்று தெரியாவிட்டால் "எந்தப் புடவையை?" என்று கேட்டே தீருவார். பேசுபவரும் கேட்பவரும் அறிந்த புடவை என்ற செய்தியை அந்த ஐகாரம் சுமந்து வருகிறது. ஆங்கிலம் 'த' என்பதை வைத்துச் செய்யும் வேலையில் ஒரு பகுதி இது. எந்த இலக்கணப் புத்தகமும் படிக்காத பாட்டிகூட இதில் தவறுவதில்லை. பத்து வாக்கிய ஜோடிகளைத் தமிழில் கரும்பலகையில் எழுதி, எதற்கு "எந்த?" என்ற கேள்வி வருகிறது என்று வகுப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் போனால், 'த' என்பது ஆகாயத்திலிருந்து விழுந்த சொல்லாகத் தோன்றாது.

இந்த உதவிக்கும் எல்லை உண்டு, அதையும் வகுப்பில் சொல்லிவிட வேண்டும். மனிதரைக் குறிக்கும் பெயருக்கு ஐ உருபு எப்படியும் வரும்: "ஒரு பையனைப் பார்த்தேன்." அங்கே 'ஒரு'தான் கைகொடுக்கும். எழுவாயாக வரும் பெயருக்கு உருபே இல்லை. காவிரிக்கு முன் 'த' போடு, மதுரைக்கு முன் போடாதே என்பதற்கெல்லாம் நம் மொழியில் எந்தத் துப்பும் கிடைக்காது, மனப்பாடம்தான். "ஆன் அட்வைஸ்", "ஃபர்னிச்சர்ஸ்" என்று சொல்வது வேறு ரகம். ஆங்கிலம் எதை எண்ணும், எதை எண்ணாது என்பது அதன் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு. அதற்குத் தர்க்கம் கேட்டு வகுப்பு நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

பிரசன்ட் பர்ஃபெக்டும் இப்படித்தான். 'பார்த்திருக்கிறேன்' என்ற வடிவம் நம்மிடம் இருக்கிறதே என்று அதையே காட்டிக் கற்பிப்பது வழக்கம். அது பாதி தூரம்தான் கூட வரும். "போன வருஷம் அவரைப் பாத்திருக்கேன்" என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். கடந்த காலத்தில் முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஆங்கிலம் அந்த வடிவத்தை ஏற்காது. "ஐ ஹாவ் சீன் ஹிம் லாஸ்ட் இயர்" பிறப்பது இங்கேதான். இதற்கு நேர் எதிர்த் திசையில், "பத்து வருஷமா இங்கதான் இருக்கேன்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் பர்ஃபெக்டில் சொல்கிறது. அதைத் தமிழ் வழியே கொண்டுபோனால் "ஐ ஆம் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்" என்றுதான் முடியும்.

எல்லாப் பிழைக்கும் தமிழையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் அவசரமும் வேண்டாம். "வாட் யூ ஆர் டூயிங்?" என்று ஒருவர் கேட்டால், அதில் தமிழின் சாயல் தெரிகிறது. தமிழில் கேள்வி கேட்பதற்காகச் சொற்கள் இடம் மாறுவதில்லை. ஆனால் அதே ஆள் கொஞ்ச நாளில் "ஐ டோன்ட் நோ வாட் இஸ் யுவர் நேம்" என்பார். அங்கே சொற்கள் இடம் மாறியிருக்கின்றன, மாறக்கூடாத இடத்தில். தமிழில் இருந்து அது வந்திருக்க வழியில்லை. கேள்வி விதியை நன்றாகக் கற்றுக்கொண்டு, அதைத் தேவைக்கு மேல் பயன்படுத்தியதால் வந்த பிழை. முதல் பிழையில் இருந்தவர் இரண்டாவதற்கு வந்திருக்கிறார் என்றால் அவர் முன்னேறியிருக்கிறார். மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் வலியுறுத்தியது இதைத்தான்: பிழை என்பது கற்பவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதற்கான சாட்சி. சிவப்பு மை இரண்டுக்கும் ஒரே சுழி போடுகிறது, ஒரே மதிப்பெண்ணைக் கழிக்கிறது.

திருத்துவது எப்படி என்பதில் சண்டை ஓயவில்லை. எழுத்தில் இலக்கணப் பிழைகளைத் திருத்துவதால் பயனில்லை, தீங்கும் உண்டு என்று ஜான் ட்ரஸ்காட் 1996இல் எழுதப்போக, அதற்கு மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாக ஒரு தனி இலக்கியமே வளர்ந்துவிட்டது. பேச்சில் திருத்துவது பற்றிக் கொஞ்சம் தெளிவு இருக்கிறது. மாண்ட்ரியால் பகுதி வகுப்பறைகளைப் பதிவுசெய்து ஆராய்ந்த ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் 1997இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் 55 சதவீதம் ஒரே வகை: மாணவர் சொன்னதைச் சரியாக்கித் திரும்பச் சொல்வது. அந்த வகைத் திருத்தத்துக்கு மாணவர் ஏதாவது எதிர்வினை காட்டியது 31 சதவீதம்தான். ஏன் என்று புரிந்துகொள்ள நம் வகுப்பறை ஒன்றைக் கற்பனை செய்தால் போதும். மாணவி, "ஷி கோ டு டெம்பிள் எவ்ரி ஃப்ரைடே" என்கிறாள். ஆசிரியை, "ஓ, ஷி கோஸ் டு த டெம்பிள் எவ்ரி ஃப்ரைடே. வித் ஹூம்?" என்கிறார். மாணவி, "வித் கிராண்ட்மதர், மிஸ்." ஆசிரியை திருத்தியதாக நினைக்கிறார். மிஸ் தன் பேச்சை ஆமோதித்ததாக மாணவி நினைக்கிறாள். அதற்குப் பதில் ஆசிரியை "ஷி...?" என்று நிறுத்திக் காத்திருந்தால், தெரிந்த விதியை மாணவி தானே தேடி எடுத்து வைக்க வேண்டியிருக்கும். தெரியாத விதிக்கு இது உதவாது. தெரிந்தும் வராததற்கு இது ஏற்றது. நம் வகுப்பில் இருப்பவை பெரும்பாலும் அந்த ரகம்.

பிரபுவின் திட்டத்தை மதிப்பிட்ட பெரெட்டா, டேவிஸ் முடிவுகளில் ஆசிரியர்கள் மறக்கக்கூடாத ஒரு விஷயம், ஒவ்வொரு வகுப்பும் தன் முறைக்கு ஏற்ற தேர்வில் ஜெயித்தது என்பது. பொதுத் தேர்வில் வாய்ஸை மாற்று, இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்கு, பொருத்தமான ப்ரெபொசிஷனை நிரப்பு என்று கேட்கும்வரை, அதை நடத்தாத ஆசிரியரைப் பெற்றோரே விடமாட்டார்கள். பஸ் நேர அட்டவணை ஒன்றைக் கொடுத்து, முதல்முறை ஊருக்கு வரும் நண்பருக்கு வழி சொல்லி எட்டு வரியில் எழுது என்று கேட்கலாம். நிகழ்காலம், ப்ரெபொசிஷன், ஆர்ட்டிகிள் எல்லாம் அந்த எட்டு வரிக்குள் தாமாகவே வந்தாக வேண்டும். ஆனால் அப்படி எழுதிய விடையைத் திருத்தும் இரண்டு பேர் இரண்டு விதமாக மதிப்பெண் போடுவார்கள், மறுமதிப்பீடு கேட்டு மனு வரும். லட்சக்கணக்கான விடைத்தாள்களைச் சில வாரத்தில் திருத்தி முடிக்க வேண்டிய ஏற்பாட்டுக்குக் கோடிட்ட இடம்தான் சௌகரியம். ஒரு சொல், ஒரு மதிப்பெண், தகராறு இல்லை.